நோயுற்றவரின் வேலைநாள்

(மே முதல் நாள் வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



இன்று மே முதல் நாள். உலகம் முழுவதும் தொழிலாளர் நாள். நம் திருச்சபையில் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955ஆம் ஆண்டில் இந்தத் திருநாளை ஏற்படுத்தினார். காலையில் தச்சர்களும் கொத்தனார்களும் தங்கள் கருவிகளைப் பீடத்தின் முன் வைத்து மந்திரித்துப் போயிருப்பார்கள். ஆனால் இதே மே முதல் நாள் இன்னொரு புனிதருக்கும் உரிய நாள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் புனித பெரகிரின். இத்தாலியில் ஃபோர்லி என்ற ஊர்க்காரர், மரியின் ஊழியர் சபைத் துறவி. 1345இல் இதே நாளில் இறந்தார் என்பது மரபு. 1726இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். புற்றுநோயாளிகளின் பாதுகாவலர் அவர்தான்.

அவரைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள். செய்த தவறுகளுக்குப் பரிகாரமாக, உட்காருவது அவசியமில்லாத இடத்தில் எல்லாம் நின்றுகொண்டே இருப்பேன் என்று முடிவு செய்து, முப்பது ஆண்டுகள் அப்படியே நின்றாராம். பிறகு காலில் புண் வந்தது. புண் முற்றி, காலை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அதற்கு முந்தின இரவு, சிலுவையின் முன் வேண்டிக்கொண்டிருந்தபோது குணமானார் என்பது வரலாறு. எல்லாரும் அந்தக் குணமாதலைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ, அந்த முப்பது வருட நிற்றல்தான் மனதில் நிற்கிறது. நம் வீடுகளில் உட்காராமலே நிற்கிற பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் யாரும் பரிகாரத்துக்காக நிற்கவில்லை. அடுப்பு இருக்கிறது, மாடு இருக்கிறது, குழந்தைக்குப் பள்ளிக்கூட வேன் வந்துவிடுகிறது. நிற்கிறார்கள்.

தொழிலாளரின் புனிதரும் புற்றுநோயாளிகளின் புனிதரும் ஒரே நாளில் வருவதால், இன்று இரண்டையும் சேர்த்தே பேசலாம் என்று நினைத்தேன். புற்றுநோய் என்று சீட்டில் எழுதிக்கொடுத்த மறுநாள் காலை விடிகிறதே, அந்தக் காலையில் என்ன செய்வது? வேலைக்குப் போவதா, வேண்டாமா?

ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். பெயரும் ஊரும் சொல்லமாட்டேன். தாமிரபரணிக் கரையில் உள்ள ஒரு கிளைப்பங்கு. பீடி சுற்றிக் குடும்பம் நடத்துகிறவர். மார்பில் கட்டி. முதலில் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று பிறகு கேட்டேன். "மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருந்தோம் சாமி. இது வெளிய தெரிஞ்சா, தாய்க்கு இருக்குது மகளுக்கும் வரும்னு சொல்லிருவாவ" என்றார். ஆறு மாதம் அப்படியே போயிற்று. பிறகு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுதல்.

இரண்டாவது மருந்து ஏற்றி வந்திருந்தபோது நற்கருணை கொண்டுபோனேன். தலையில் துண்டு கட்டியிருந்தார். மடியில் பீடித் தட்டு. எனக்குப் பதறிவிட்டது. "அம்மா, இந்த நிலைமையில் இது வேண்டாம். எடுத்து வையுங்கள். கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடவுள் பாப்பாவ சாமி. செவ்வாய்க்கிழமை குழுக் கடனுக்கு யாரு பாப்பா?" என்றார்.

குருமடத்தில் எட்டுப் பத்து வருடம் இறையியல் படித்தவன் நான். பதில் இல்லை.

அவரே தொடர்ந்து சொன்னார். பணம் மட்டும் இல்லை. பீடிக் கடையில் பேர் விட்டுப்போனால் பி.எஃப். விட்டுப்போகும் என்ற பயம். அதையும் தாண்டி இன்னொன்று: "படுத்துக் கிடந்தா நான் சீக்காளி. தட்ட எடுத்து மடியில வச்சாத்தான் சாமி நான் நானா இருக்கேன்." பதினொரு வயதில் கற்ற வேலை. கை தானாக ஓடும். கை ஓடும்போது மனம் கொஞ்சம் ஓய்கிறது.

பீடித் தொழிலைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய உண்டு. புகையிலைத் தூளை நாள் முழுவதும் மூக்கில் வாங்கிக்கொண்டு, ஆயிரம் சுற்றினால்தான் கூலி என்று இருக்கும் இந்தப் பிழைப்பைப் புனிதமாக்கிப் பேச நான் வரவில்லை. அது தனியாகப் பேச வேண்டிய வழக்கு. ஆனால் அன்று அந்த வீட்டில் நான் செய்தது, ஒரு மனுஷியின் வாழ்க்கையைத் தெரியாமலே அதற்கு உத்தரவு போட்டது. நல்லெண்ணத்தோடு செய்ததால் அது தவறில்லை என்று ஆகிவிடாது.

சீராக்கின் ஞானம் என்று ஒரு நூல் நம் திருவிவிலியத்தில் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் எழுதியது. அதன் 38ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். அதிகாரத்தின் தொடக்கத்தில் மருத்துவரைப் பற்றிப் பேசுகிறார். மருத்துவரை மதிக்க வேண்டும். மருந்தை மண்ணிலிருந்து தந்தவர் கடவுளே. அறிவுள்ளவன் அதை வெறுக்கமாட்டான். நோயுற்றால் இறைவனிடம் வேண்டு, ஆனால் மருத்துவருக்கும் இடம் கொடு என்கிறார். அதே அதிகாரத்தின் முடிவில் யார் வருகிறார்கள் தெரியுமா? உழவன், முத்திரை வெட்டுகிறவன், கொல்லன், குயவன். உலைச்சூட்டில் கொல்லனின் உடல் வாடுவதையும், குயவன் காலால் சக்கரத்தைச் சுற்றுவதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்போல் எழுதுகிறார். இவர்கள் மன்றத்தில் பேசமாட்டார்கள், ஆனால் இவர்கள் இல்லாமல் ஊர் இல்லை. இவர்கள் செய்யும் வேலையே இவர்களுடைய மன்றாட்டு என்ற கருத்தோடு அதிகாரம் முடிகிறது. இரண்டுக்கும் நடுவில் இறந்தவருக்காக அழுவது பற்றியும் சொல்கிறார். மருத்துவம், துக்கம், தொழில் மூன்றும் ஒரே அதிகாரத்தில்! நாம்தான் மருத்துவத்தை ஆஸ்பத்திரிக்கும், துக்கத்தைக் கல்லறைக்கும், வேலையைக் கடைக்கும் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

இனி, நம் பெண்களுக்கு எதிராகவே நாம் பயன்படுத்திவிடுகிற ஒரு நற்செய்திப் பகுதி. மாற்கு முதல் அதிகாரம். பேதுருவின் மாமியார் காய்ச்சலாய்க் கிடக்கிறார். இயேசு கையைப் பிடித்துத் தூக்குகிறார். காய்ச்சல் நீங்குகிறது, அவர் எழுந்து பணிவிடை செய்கிறார். நானே எத்தனையோ தடவை, "பாருங்கள், குணமானதும் அடுப்படிக்குப் போய்விட்டார்" என்று பிரசங்கம் செய்திருக்கிறேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. காய்ச்சல் நீங்கிய பிறகுதான் அவர் எழுந்தார் என்பதைக் கவனியுங்கள். காய்ச்சலோடு எழுந்து சோறு பொங்கச் சொல்லி இயேசு கேட்கவில்லை. முதலில் அருகே போனார், கையைப் பிடித்தார். நம் வீடுகளில் அந்தக் கையைப் பிடிக்கிற கட்டம் விட்டுப்போகிறது. மருந்து ஏற்றி வந்த ஐந்தாம் நாள், "என்ன, இப்போ சரியாயிட்டில்லா? தண்ணி வந்திருக்கு, பிடிச்சு வை" என்று சொல்லிவிடுகிறோம்.

தண்ணீர்க் குடம் என்றதும் இதைச் சொல்லிவிடுகிறேன். மார்பு அறுவை சிகிச்சையில் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால், அந்தப் பக்கத்துக் கை வீங்கும் அபாயம் உண்டு. அந்தக் கையால் குடம் தூக்குவது, ஊசி போட்டுக்கொள்வது எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியையும் விடாமல் செய்ய வேண்டும். வெளியே பார்த்தால் கை நன்றாகத்தான் இருக்கும். அதனால்தான் வீட்டில் இருக்கும் ஆண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிறைகுடம் ஒன்று பதினைந்து கிலோ இருக்கும். ஐயா, நீங்கள் தூக்குங்கள்.

அரசர்கள் முதல் நூலில் 19ஆம் அதிகாரத்தில் எலியாவைப் பார்க்கிறோம். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கடவுள் என்ன செய்தார்? அறிவுரை சொல்லவில்லை. நம்பிக்கை போதாது என்று கடிந்துகொள்ளவில்லை. தூங்க விட்டார். தூதர் தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். இந்த 'மறுபடியும்' எனக்கு மிகவும் பிடித்த சொல். இரண்டாம் தடவையும் சாப்பாடு வந்த பிறகுதான், பயணம் நீண்டது என்ற பேச்சே வருகிறது. சிகிச்சைக்காலக் களைப்பு எத்தனை தூங்கினாலும் தீராத களைப்பு என்று நோயாளிகள் சொல்கிறார்கள். அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள். நோயாளியும் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் வந்து சொல்ல வேண்டாம். உண்மையாகவே சொல்கிறேன், "ஜெபமாலை முடிக்காமல் தூங்கிவிட்டேன்" என்று அழுதபடி பாவசங்கீர்த்தனம் செய்தவர்கள் உண்டு.

இந்த இடத்தில் சிகாகோ பேராயராக இருந்த கர்தினால் ஜோசப் பெர்னார்டின் நினைவுக்கு வருகிறார். கல்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். ஆறு வயதிலேயே தகப்பனாரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1995 ஜூனில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பின் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் தினமும் மருத்துவமனைக்குப் போனார். சிகிச்சை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல், அங்கே இருந்த மற்றப் புற்றுநோயாளிகளின் அருகில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். அவர்கள் கடிதம் எழுதினார்கள், பதில் எழுதினார். ஒவ்வொரு பெயராகச் சொல்லி மன்றாடப் பட்டியல் வைத்திருந்தார். அது நூற்றுக்கணக்கான பெயர்களாக நீண்டது. ஒரு பெரிய மறைமாவட்டத்தின் நிர்வாகம் கையில் இருந்தும், புற்றுநோயாளிகளோடு இருப்பதையே தன் முதல் பணியாக வைத்துக்கொண்டார்.

1996 ஆகஸ்டு மாதக் கடைசியில், நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டது, ஓராண்டு அல்லது அதற்கும் குறைவு என்பதைத் தானே மக்களுக்கு அறிவித்தார். ஒளிக்கவில்லை. பிறகு வேலைகளை ஒவ்வொன்றாக மற்றவர்களிடம் ஒப்படைத்தார். தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதுவதை மட்டும் விடவில்லை. இறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கையில்தான் அதை முடித்தார். நவம்பர் 14ஆம் நாள் காலமானார்.

அவர் சொன்ன ஒரு செய்தி குருக்களாகிய எங்களையே உலுக்கிய செய்தி. கடும் வலியில் தன்னால் ஜெபிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். நன்றாக இருக்கும்போதே ஜெபித்துக்கொள்ளுங்கள், நோய் வந்தபின் முடியாமல் போகலாம் என்று தம்மைப் பார்க்க வந்த நண்பர்களிடம் சொன்னார். ஒரு கர்தினாலுக்கே முடியவில்லை என்றால், ஜெபமாலைக்கு நடுவில் தூங்கிய நம் அம்மா எதற்காக அழ வேண்டும்?

பெர்னார்டினின் கதையைக் கேட்டுவிட்டு, எல்லாரும் அப்படி உழைக்க வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு வீட்டு வாடகை இல்லை, குழுக் கடன் இல்லை. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று அவரே தீர்மானிக்க முடிந்தது. அந்தத் தீர்மானம்தான் நோயாளியிடம் நாம் விட்டுவைக்க வேண்டிய உரிமை. நம் மாவட்டத்திலேயே டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பிறகு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கை அறையிலேயே இருந்தார். அவருக்கு வந்தது புற்றுநோய் அல்ல. அவர் நம் சபையைச் சேர்ந்தவரும் அல்ல. ஆனாலும் நடமாடிச் செய்த வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, படுத்தபடியே எழுதும் வேலையைப் பிடித்துக்கொண்டார். வேலை மாறலாம்.

அந்தப் பீடிச் சகோதரி பிறகு என்ன செய்தார் என்றால், என்னிடம் கேட்கவில்லை, மருத்துவரிடம் கேட்டார். கேட்டது மிகச் சரி. மருந்து ஏற்றும் காலத்தில் புகையிலைத் தூள் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இலை வெட்டலாமா என்று கேட்டார். மருந்து ஏற்றின முதல் வாரம் ஓய்வு. பிறகு உடம்பு கேட்கிற அளவுக்கு, கை வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்றார். அதனால் இவர் இலை வெட்டிக் கொடுக்க, ஏற்கெனவே பீடி சுற்றுகிற கொழுந்தன் மனைவி வேறு அறையில் வைத்துச் சுற்றினார். கணக்கு ஒரே பாஸ் புத்தகத்தில் ஏறிற்று. முன்பு ஆயிரம் போன இடத்தில் முந்நூறு, நானூறு.

கடனுக்கு என்ன செய்தார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அன்பியத்தில் இருந்த ஏழு பெண்கள் ஆளுக்கொரு வாரமாகத் தவணையைக் கட்டியிருக்கிறார்கள். பங்குப்பேரவைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் ஒரு கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, இரண்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தோம்.

விவசாயம் பார்க்கும் ஒரு பெரியவர், பிசானத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நாற்று நட்டுவிட்டு மருந்துக்கு வருகிறேன் என்று சிகிச்சையைத் தள்ளிப் போட்டார். அது பிழை. மருந்துக்கும் ஒரு பருவம் உண்டு. தேதி தவறினால் பயிர் மாதிரியே அதுவும் பொய்க்கும் என்று மருத்துவர் அவருடைய மொழியிலேயே சொன்ன பிறகுதான் புரிந்தது. வயலைத் தம்பியிடம் ஒரு பூவுக்கு விட்டுவிட்டுப் போனார்.

பங்கு மக்களுக்குச் சில காரியங்கள். பார்க்கப் போகிறவர்கள் கூட்டமாகப் போகாதீர்கள். மருந்து ஏற்றிய பின் ஒன்று, இரண்டு வாரங்களில் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறையும்; சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்த வீட்டுப் படி ஏறவே வேண்டாம். நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் போதும், அந்த வீட்டில் ஏற்கெனவே ஆறு நிற்கிறது. ஒரு வேளைச் சோறு கொடுங்கள், பிள்ளையை டியூஷனில் இருந்து கூட்டி வாருங்கள், ரேஷன் கடையில் நில்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வருமானச் சான்று வேண்டும். அதை வாங்க அலைவதற்கு நோயாளிக்குத் தெம்பு இருக்காது, அன்பியத்து இளைஞர் ஒருவர் போகலாம். அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. ஆலையிலும் கடையிலும் வேலை பார்த்து ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களே, புற்றுநோய் அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரைகூடக் கிடைக்கும். கேட்காமல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வராதீர்கள். அடையாறுக்கும் திருவனந்தபுரத்துக்கும் ரயிலில் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கும் உண்டு. அதற்குரிய படிவத்தை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்குங்கள்.

நோயுற்றவர்களுக்கு ஞாயிறு திருப்பலிக் கடன் இல்லை, தவக்கால நோன்பும் இல்லை. கோவிலுக்கு வரவில்லையே என்று மனம் கலங்க வேண்டாம். நாங்கள் வருகிறோம்.

கடைசியாக, எண்ணெய். நம் பெரியவர்கள் இதை 'அவஸ்தைப் பூசுதல்' என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அதனால் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு தெருவில் நடந்தாலே, யாருக்கு முடிந்துபோயிற்று என்று கேட்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம், இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல என்று தெளிவாகச் சொல்லி, நோயில் பூசுதல் என்ற பெயரே அதற்குப் பொருத்தம் என்றது. 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புதிய சடங்குமுறையையும் தந்துவிட்டார். அதற்குப் பிறகும் அறுவை சிகிச்சைக்கு முன்னால் வந்து பூசிக்கொள்கிறவர்கள் நம் பங்கில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். நெற்றியிலும் இரண்டு உள்ளங்கையிலும் பூசுகிறோம். உள்ளங்கை எதற்கு என்று யோசித்துப் பாருங்கள். அதுதான் வேலை செய்கிற இடம்.

அந்தச் சகோதரிக்கு ஐந்தாவது மருந்துக்கு முன் பூசினேன். இலை வெட்டும் கத்தரியால் காய்த்துப்போன கை. எண்ணெய் பூசியதும், துடைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்றேன். "இல்ல சாமி, இலையில பட்டா கறை பிடிச்சுக்கிடும், கடையில கழிச்சிருவான்" என்றார். பஞ்சை எடுத்து நானே துடைத்துவிட்டேன்.

இப்போது மருந்தெல்லாம் முடிந்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போய் வருகிறார். மூத்த மகளுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எல்லாம் தெரியும். போன மாதம் தலைவெள்ளிக்கு நற்கருணை கொண்டுபோவதாகச் சொன்னபோது, காலை பத்து மணிக்கு வேண்டாம், பதினொன்றுக்கு மேல் வாருங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தார். பத்து மணிக்குப் பீடிக் கடையில் கணக்குக் கொடுக்க வேண்டுமாம். பதினொன்றேகாலுக்குப் போனேன்.